நியூட்ரான், எக்ஸ்-கதிர் சிதறல் ஆய்வில் எங்களை உருவாக்கிய நெறியாளரைப் பற்றி நினைவுக்கட்டுரை எழுதுவது எப்படி?

கேள்வி: சிதறல்மாணவி

வணக்கம்.

என் முனைவர் பட்ட ஆய்வை நெறிப்படுத்திய பேராசிரியர் அண்மையில் காலமானார். பொருளின் மேல் கற்றையைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்திலிருந்து பொருளின் உள்ளமைப்பை அறியும் நியூட்ரான் சிதறலிலும் எக்ஸ்-கதிர் சிதறலிலும் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். இன்று இந்தத் துறையில் தனியாக ஆய்வுக்குழு நடத்துகிறவர்களில் பலர் அவரிடம் நேரடியாகப் பயின்றவர்கள். வேறு சிலர் அவருடைய மாணவர்களின் மாணவர்கள். துறை சார்ந்த இதழ் ஒன்றுக்காக அவரைப் பற்றி நினைவுக்கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மனநிறைவோடுதான் ஒப்புக்கொண்டேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

படித்த இடங்கள், வகித்த பொறுப்புகள், பெற்ற சிறப்புகள், வெளியிட்ட கட்டுரைகள் எல்லாம் என்னிடம் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கோத்து எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாத கட்டுரையாக அமைந்துவிடும். ஆயினும், அதைப் படிக்கிற ஒருவருக்கு, இவர் இல்லாவிட்டால் எங்களில் பலர் இன்று செய்கிற வேலையை இவ்வளவு கவனத்தோடு செய்திருக்க மாட்டோம் என்பது விளங்காது. அவர் கற்றுத்தந்தவற்றில் பெரும்பகுதி எந்த ஆய்வுக்கட்டுரையிலும் அச்சாகவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கற்றை நேரம் (அணு உலையின் நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டு அவரிடம் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை நியூட்ரான்களை எண்ணமுடியும், பின்னணி எவ்வளவு இருக்கும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புள்ளியியல் பிழையை மீறித் தெரிய எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். 100 எண்ணிக்கைக்குப் பிழை 10 விழுக்காடு. அதை 1 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 10,000 எண்ணிக்கை வேண்டும், அதாவது நூறு மடங்கு நேரம். இந்தக் கணக்கு மனத்தில் படியாத மாணவரை அவர் உலைக்கு அனுப்பியதே இல்லை. சிறுகோணச் சிதறல் அளவீட்டில் மாதிரியைக் கற்றையில் வைப்பதற்கு முன்பே வெற்றுக்கலத்தையும், கற்றையைக் காட்மியத் தகட்டால் முழுதாக அடைத்த நிலையையும் அளந்து முடித்திருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. மாதிரியை அளந்த பிறகு நேரம் மிஞ்சினால் பின்னணியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நேரம் மிஞ்சுவதில்லை என்பார்.

இவற்றையெல்லாம் நினைவுக்கட்டுரையில் எழுதலாமா, எழுதினால் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்பதே என் முதல் ஐயம். அவர் கண்டிப்பானவர் என்பதையும் சேர்க்கலாமா என்பது அடுத்த ஐயம். வெளியிடத் தயாராக இருந்த கட்டுரைகளை ஒரே ஒரு கேள்வியால் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தவர் அவர். அதனால் மனம் வருந்தியவர்களும் உண்டு. பின்னாளில் அதற்காக நன்றி சொன்னவர்களும் உண்டு. இப்படிப்பட்ட கட்டுரையை எழுதியவர்களோ, தம் ஆசிரியரைப் பற்றி எழுத நினைப்பவர்களோ வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மூவச்சு

தங்கள் ஆசிரியரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

நான் மூன்று அச்சு நிறமாலைமானியில் வேலை பார்ப்பவன். என் ஆசிரியரும் இப்போது இல்லை. அவரைப் பற்றி எழுதவேண்டி வந்தபோது நான் கைக்கொண்ட வழி இதுதான்: அவருடைய பண்புகளைப் பட்டியலிடாமல், ஒரே ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு, அதில் அவர் என்ன கேட்டார், ஏன் கேட்டார், அதனால் என்ன நடந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுதினேன். துறைக்கு வெளியே இருந்த வாசகர்களும் அந்தப் பகுதியைத்தான் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். எவ்வளவு இயற்பியலைச் சேர்க்கலாம் என்பதற்கு அது ஓர் அளவாக இருக்கும்.

எங்கள் குழுவில் ஹைட்ரஜன் கலந்த படிகம் ஒன்றின் அதிர்வுகளை அளந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கருவியில் மோனோக்ரோமேட்டர் படிகம் ஒன்று குறிப்பிட்ட ஆற்றல் உடைய நியூட்ரான்களை மட்டும் தேர்ந்து மாதிரியின் மேல் விடும். மாதிரியில் பட்டுச் சிதறியவற்றுள் குறிப்பிட்ட ஆற்றல் உடையவற்றை மட்டும் பகுப்பான் படிகம் உணர்கருவிக்கு அனுப்பும். இரண்டு ஆற்றல்களுக்கும் உள்ள வேறுபாடுதான் மாதிரியில் எழுந்த அதிர்வின் ஆற்றல். அன்று பகுப்பானை 14.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்தி, தொடக்க ஆற்றலைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனபோது, 18.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வேறுபாட்டில் அழகான முகடு ஒன்று தெரிந்தது. படிகத்தை எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றது. உந்தத்தோடு ஆற்றல் மாறாத அதிர்வு என்று விளக்கம் கூறவும், அதற்கு ஒரு கோட்பாட்டு மாதிரியைப் பொருத்தவும் குழுவில் ஆர்வத்தோடு தொடங்கிவிட்டார்கள்.

என் ஆசிரியர் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இறுதி ஆற்றலை 13.7க்கு மாற்றினால் இந்த முகடு எங்கே இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். உண்மையான அதிர்வு என்றால் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அது மாதிரிக்கு உரியது. அவர் இன்னொரு வாய்ப்பையும் தாளில் எழுதிக் காட்டினார். பிராக் விதிப்படி ஒரு படிகம் தேர்ந்தெடுத்த அலைநீளத்தை மட்டுமல்லாமல் அதில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் அதே கோணத்தில் எதிரொளிக்கும். பாதி அலைநீளத்துக்கு ஆற்றல் நான்கு மடங்கு. மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்பது மடங்கு. 18.4 வேறுபாட்டில் தொடக்க ஆற்றல் 33.1. அதன் நான்கு மடங்கு ஏறத்தாழ 132. இறுதி ஆற்றலான 14.7இன் ஒன்பது மடங்கும் அதே 132தான். ஆகவே 132 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கொண்ட நியூட்ரான்கள் இரண்டு படிகங்களையும் தாண்டி, மாதிரியில் எந்த ஆற்றலையும் இழக்காமலேயே உணர்கருவியை அடைந்து, 18.4இல் அதிர்வு இருப்பதுபோல் காட்டக்கூடும். ஹைட்ரஜன் எல்லாத் திசையிலும் வலுவாகச் சிதறடிப்பதால் படிகத்தை எப்படித் திருப்பினாலும் அது மறையாது. இவற்றைத் தடுக்கத்தான் கிராஃபைட் வடிகட்டி வைக்கிறோம். ஆனால் அன்று வைத்திருந்த வடிகட்டி மெல்லியது, கொஞ்சம் கசியும். இந்த விளக்கம் சரியென்றால், 13.7க்கு மாற்றியதும் முகடு 17.1க்கு நகர வேண்டும்.

அன்றிரவு அளந்தார்கள். முகடு 17.1க்கு நகர்ந்திருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கருவியின் பதிவேட்டில் இரண்டு அளவீடுகளையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, பக்கத்தில் அந்தக் கணக்கையும் முழுமையாக எழுதச் சொன்னார். எங்கள் குழுவின் குறிப்பேட்டில் எழுதினால் போதாது, அடுத்து இந்தக் கருவிக்கு வரும் முன்பின் அறியாத ஒருவர் அதைப் படிக்கவேண்டும் என்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு குழுவைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தம் அளவீட்டைத் திருத்திக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.

போலி முகடுகளைப் பிரித்தறியும் இந்தப் பயிற்சி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கென் ஷிரானே தம்மிடம் வந்த ஆய்வாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்ததில் இதற்குப் பெரிய இடம் உண்டு. நூலில் படித்தால் இது ஒரு பக்கச் செய்தி. அழகான முகடு கண்முன் நிற்கும்போது, அதை நம்ப மனம் துடிக்கும் வேளையில், அந்த ஒரு பக்கம் நினைவுக்கு வருவதற்குத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். கண்டிப்பை எழுதுங்கள், ஆனால் கண்டிப்பு என்ற பண்பாக எழுதவேண்டாம். அவர் கட்டுரையை நிறுத்திவைத்த அந்தக் கேள்வி என்ன என்பதை எழுதுங்கள். காந்த அலைகளிலிருந்து வரும் சிதறல், உந்த மாற்றம் கூடக்கூட மங்கும். படிக அதிர்வுகளிலிருந்து வருவது பொதுவாக உந்த மாற்றத்தின் இருமடியோடு வலுக்கும். ஆகவே காந்த முகடு என்று சொல்லும் ஒருவரிடம் "இதைப் பெரிய உந்த மாற்றத்தில் அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டு ஒரு கட்டுரையை ஆறு மாதம் நிறுத்திவைத்தால், அது கண்டிப்பா, நேர்மையா என்பதை வாசகரே முடிவுசெய்துகொள்வார். மனம் வருந்தியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பில் வேலை வாய்ப்பு தள்ளிப்போனவர்களும் இருந்திருப்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைத் தெரிந்தவர்கள் கட்டுரையை நம்பமாட்டார்கள்.

பதில்: சிறுகோணம்

மூவச்சு ஐயா சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் ஒரே நிகழ்ச்சியில் ஓர் ஆசிரியரை அடக்கிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. தவற்றைக் கண்டுபிடித்தவர் என்ற ஒரு முகம் மட்டுமே அதில் தெரியும். எதை அளக்கலாம் என்று தேர்ந்துகொடுத்தவர், எதை எந்தக் கதிரால் அளப்பது என்று தீர்மானித்தவர் என்ற முகம் தெரியாது. உங்கள் ஆசிரியர் நியூட்ரான், எக்ஸ்-கதிர் இரண்டையும் கையாண்டவர் என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. அந்த இரட்டைப் பார்வையைக் கட்டுரையில் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

நான் புரதக் கரைசல்களில் சிறுகோணச் சிதறல் செய்பவள். எனக்குக் கற்றுத்தந்தவரும் இரண்டையும் அறிந்தவர். புரதமும் டி.என்.ஏ.வும் இணைந்த ஒரு கூட்டமைப்பின் வடிவத்தை அறிய வேண்டும் என்று அவரிடம் போய் நின்றபோது, உடனே நியூட்ரான் கற்றை நேரம் கேட்கலாம் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைப் பார்க்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அதன் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்கிறது. ஹைட்ரஜனின் சிதறல் நீளம் -3.74 ஃபெம்டோமீட்டர், அதன் ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு +6.67. குறியே மாறிவிடுகிறது. எனவே சாதாரண நீரையும் கனநீரையும் (டியூட்டீரியம் கொண்ட நீர்) தக்க விகிதத்தில் கலந்தால், கரைசலின் சிதறல் வலிமையை நாம் விரும்பிய பொருளோடு சமப்படுத்தி அந்தப் பொருளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடலாம். கனநீர் ஏறத்தாழ 40 விழுக்காடு இருந்தால் புரதம் மறைந்து டி.என்.ஏ. மட்டும் தெரியும்; ஏறத்தாழ 65 விழுக்காட்டில் டி.என்.ஏ. மறைந்து புரதம் மட்டும் தெரியும். இவ்வளவு அருமையான வழி இருக்கும்போது வேறு எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் எக்ஸ்-கதிரில் அளந்து, இந்தக் கூட்டமைப்பு கரைசலில் திரண்டு கட்டிக்கொள்கிறதா இல்லையா என்பதை உறுதிசெய்துகொண்டு வரச் சொன்னார். கினியே வரைபடத்தில் சிதறிய கதிரின் வலிமையின் மடக்கையைச் சிதறல் திசையனின் இருமடிக்கு எதிராக வரைந்தால், மிகச் சிறிய கோணங்களில் நேர்கோடு வரவேண்டும். கோடு தொடக்கத்தில் மேல்நோக்கி வளைந்தால் மூலக்கூறுகள் திரள்கின்றன என்று பொருள். திரண்ட மாதிரியை உலைக்குக் கொண்டுபோவது நமக்குக் கிடைத்த கற்றை நேரத்தையும், அதே நேரத்துக்காகக் காத்திருந்த இன்னொருவரின் வாய்ப்பையும் சேர்த்து வீணாக்குவதாகும் என்பது அவர் கருத்து. மிக வலிமையான உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையும் சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்க் கற்றையின் அருகில் வைத்தால் மெலிந்ததே. ஒன்றில் விநாடிக் கணக்கில் முடிவது மற்றதில் மணிக்கணக்கில் இழுக்கும். ஆகவே எக்ஸ்-கதிரால் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியை நியூட்ரானிடம் கேட்கக்கூடாது என்பதில் அவர் மிகவும் உறுதியாக இருந்தார்.

எக்ஸ்-கதிரிலும் அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரே நீண்ட அளவீட்டை ஏற்கமாட்டார். பல குறுகிய அளவீடுகளாகப் பிரித்து எடுத்து, முதலாவதையும் கடைசியானதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டச் சொல்வார். இரண்டும் பொருந்தாவிட்டால் கதிர்வீச்சே புரதத்தைச் சிதைத்துவிட்டது என்று தெரியும். பிறகு பல செறிவுகளில் அளந்ததைச் சுழியச் செறிவுக்கு நீட்டிக் காட்டவேண்டும். கழிப்பதற்கான தாங்கல் கரைசலைத் தனியாகக் கலக்க விடமாட்டார். மாதிரியோடு சமநிலைக்கு வந்த அதே கூழ்மப்பிரிப்புக் கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் உருவத்தைப் பற்றிப் பேசுவார். நாங்கள் கணினியில் உருவாக்கிய முப்பரிமாண உருவங்களை முதலில் காட்ட முயன்றால், படத்தை மூடிவைத்துவிட்டு உணர்கருவியில் பதிந்த மூலத் தரவைத் திறக்கச் சொல்வார்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அவருடைய மாணவர்களில் ஆய்வுத்துறையிலேயே தொடர்ந்தவர்களை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மருந்துத் தயாரிப்பு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர், எந்த எண்ணைப் பார்த்தாலும் "பின்னணியைக் கழித்தாயிற்றா?" என்று தன் மனம் முதலில் கேட்பது தன் ஆசிரியரால்தான் என்று ஒருமுறை எனக்கு எழுதினார். ஒரு ஆசிரியரின் தாக்கம் மேற்கோள் எண்ணிக்கையில் தெரிவதைவிட இவர்களிடம் தெளிவாகத் தெரியும். பத்துப் பேரிடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன ஒரு கேள்வி நினைவில் இருக்கும். அவற்றுள் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதைச் சுற்றிக் கட்டுரையை அமைக்கலாம்.

கேள்வி கேட்டவர்: சிதறல்மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூவச்சு ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆசிரியர் நிறுத்திவைத்த ஒரு கட்டுரையின் கேள்வி தெளிவாக நினைவுக்கு வந்தது. மெல்லிய படலங்களின் மேற்பரப்பு எவ்வளவு கரடுமுரடானது என்று எக்ஸ்-கதிர் எதிரொளிப்பிலிருந்து கணித்திருந்தோம். நேர் எதிரொளிப்பிலிருந்து சற்று விலகிய கோணத்தில் வரும் பரவல் சிதறலைக் கழித்தீர்களா என்று கேட்டார். கழிக்கவில்லை. கழித்ததும் கரடுமுரடின் அளவு மாறியது. கட்டுரையின் தலைப்பும் மாறியது. இதையே நடுப்பகுதியாக வைத்து எழுதிப் பார்க்கிறேன். சிறுகோணம் அம்மா சொன்னபடி பழைய மாணவர்களுக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு ஐயம். இந்தத் துறையின் வரலாற்றில் வரும் ஆசிரியர்-மாணவர் மரபுகளோடு அவரை இணைத்து ஒரு பத்தி எழுதலாமா? அது மிகைப்படுத்தலாகத் தோன்றுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: படிகவழி

எழுதலாம். பெரியவர்களின் பெயருக்கு அருகில் வைத்துப் புகழ்வதற்காக எழுதினால் மிகைதான். ஒரு வேலைமுறை எங்கிருந்து வந்தது என்று காட்டுவதற்காக எழுதினால் அது மிகையாகாது. எக்ஸ்-கதிரிலிருந்து நியூட்ரானுக்கு ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் வந்த வழி, உங்கள் ஆசிரியரைப் போல இரண்டிலும் நின்றவருக்கு மிகவும் பொருத்தமானது.

அதில் எனக்கு மிகப் பிடித்தது ஏர்னஸ்ட் வோலனின் கதை. சிகாகோவில் ஆர்தர் காம்ப்டனிடம் எக்ஸ்-கதிர்ச் சிதறலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கிராஃபைட் உலை 1943இல் இயங்கத் தொடங்கிய பின், எக்ஸ்-கதிர் ஆய்வில் பழகிய கருவியையும் முறையையும் நியூட்ரான் கற்றைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டினார். 1946இல் கிளிஃபோர்ட் ஷல் அவரோடு வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நியூட்ரான் விளிம்பு விளைவு என்பது நம்பிக்கையோடு பயன்படுத்தத்தக்க அளவீட்டு முறையானது. ஒவ்வொரு தனிமமும் நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கிறது என்று பொறுமையாக அளந்து அவர்கள் அட்டவணைப்படுத்திய வேலை வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; ஆனால் பிற்பாடு வந்த எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. 1949இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடைக் குளிர்வித்து அளந்தபோது, எக்ஸ்-கதிரில் இல்லாத புதிய முகடுகள் தோன்றின. அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அடுக்கப்பட்டிருப்பதால் காந்த அலகுக்கூட்டின் நீளம் வேதியியல் அலகுக்கூட்டைப்போல் இருமடங்காகிறது என்பதை அந்த முகடுகள் நேரடியாகக் காட்டின. பிரெஞ்சு இயற்பியலர் லூயி நீல் கோட்பாடாகச் சொல்லியிருந்தது கண்ணெதிரே வந்தது.

1994இல் ஷல்லும் கனடாவின் பெர்ட்ரம் பிராக்ஹவுஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வோலன் 1984இலேயே இறந்துவிட்டார். தம்மோடு அந்தச் சிறப்பில் பங்குகொள்ள அவர் இல்லையே என்ற வருத்தத்தை ஷல் வெளிப்படையாகவே பதிவுசெய்தார். நினைவுக்கட்டுரை எழுதுகிறவர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. வழிகாட்டியவரின் பங்கு பரிசுப் பட்டியலில் விடுபட்டுப் போகலாம். அதை எழுதிவைக்கும் கடமை உடனிருந்தவருடையது.

தமிழில் படிக்கும் நமக்கு இன்னொரு கிளையும் நெருக்கமானது. இந்திய இயற்பியலர் பி. கே. ஐயங்கார் இளம் வயதில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்துக்குச் சென்று பிராக்ஹவுஸோடு வேலை செய்தார். ஜெர்மேனியம் படிகத்தின் இயல்பு அதிர்வுகளை நியூட்ரான் நிறமாலையால் அளந்து இருவரும் வெளியிட்ட கட்டுரை 1958இல் வந்தது. மும்பையின் டிராம்பேயில் அப்சரா உலை 1956இலும் சைரஸ் உலை 1960இலும் இயங்கத் தொடங்கின. திரும்பி வந்த ஐயங்கார், நிறமாலைமானிகளை இங்கேயே வடிவமைத்துக் கட்டி, அவற்றில் வேலை செய்ய இளைஞர்களைப் பழக்கினார். கருவியை விலைக்கு வாங்கியவரைவிடக் கட்டியவருக்கு அதன் குறைகள் நன்றாகத் தெரியும் என்பதால், அந்தத் தலைமுறையிடம் பயின்றவர்கள் அளவீட்டில் வேறுவிதமான உறுதி கொண்டவர்களாக வளர்ந்தார்கள் என்பது என் கருத்து. அதே வளாகத்தில் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், நியூட்ரான் விளிம்பு விளைவால் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆராய்ந்தார். அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர் தெளிவில்லாமல் காட்டும் இடத்தில் நியூட்ரான் துல்லியமாகக் காட்டியது.

எக்ஸ்-கதிர்ப் பக்கத்தில் மூத்த பிராக்கை மறக்கமுடியாது. வில்லியம் ஹென்றி பிராக், கேத்லீன் லான்ஸ்டேலை 1922இல் தம் ஆய்வுக்குழுவில் சேர்த்துக்கொண்டார். திருமணமாகி வேறு ஊருக்குச் சென்ற லான்ஸ்டேல், ஹெக்சாமெத்தில் பென்சீன் படிகத்தை ஆராய்ந்து பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929இல் நிறுவினார். பின்னர்க் குழந்தைகளோடு வீட்டில் இருந்த அவர் ஆய்வைத் தொடரவேண்டும் என்று பிராக் விரும்பினார். வீட்டு வேலைக்கு உதவியாள் வைத்துக்கொள்ளத் தேவையான பணத்துக்கு ஏற்பாடு செய்து, அவரை ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1945இல் ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது ஏற்கப்பட்ட இருவரில் லான்ஸ்டேல் ஒருவர். பென்சீன் வளையத்தைப் பற்றிப் பாடநூல்கள் எழுதும். அந்தப் பண ஏற்பாட்டைப் பற்றி, யாராவது நினைவுக்கட்டுரை எழுதினால்தான் தெரியவரும். உங்கள் ஆசிரியரும் யாருக்காவது இப்படி ஓசையில்லாமல் ஏதாவது செய்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

வரலாற்றுப் பத்தியைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைக்கவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். முதலில் உங்கள் ஆசிரியர், அவருடைய கேள்வி, அந்த மெல்லிய படலம். அதைப் படித்தவர் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணும் இடத்தில் வோலனும் ஷல்லும் வரட்டும்.

பதில்: கற்றைக்குழாய்

நான் ஆய்வாளன் அல்ல. உலைக்கூடத்தில் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

வெளியிலிருந்து வரும் பேராசிரியர்களில் சிலர் எங்களிடம் பேசாமலேயே அளவீட்டை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் குளிர்கலத்தின் வெப்பநிலைமானி மாதிரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது காட்டும் எண் மாதிரியின் வெப்பநிலைதானா என்று எங்களிடம் வந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் பெயர் சொல்லித் தெரியும். உங்கள் ஆசிரியர் அளவீடு செய்த உலைகளிலும் சிங்க்ரோட்ரான்களிலும் பணிபுரிந்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். மாணவர்கள் பார்க்காத இரவுகளில் அவரைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது, அவருடைய கையெழுத்துக் குறிப்பேடுகள். வீட்டிலும் அலுவலக அறையிலும் இருப்பவற்றை அறையைக் காலிசெய்யும் அவசரத்தில் பழைய தாளாகக் கருதித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். குடும்பத்தாரிடம் முறையாக அனுமதி பெற்று, எந்தக் கருவியில் எந்த ஆண்டு அளந்தது என்ற விவரத்தோடு அவற்றை ஒளிவருடி, நிறுவன நூலகத்தில் ஒப்படைக்கக் கேளுங்கள். கட்டுரைக்கு ஒரு பக்கத்தைப் படமாகவும் போடலாம். அதற்குத் தேர்ந்தெடுக்கும்போது முடிவு எழுதிய பக்கத்தைவிட அவர் அடித்துத் திருத்திய பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர் எப்படி எண்ணினார் என்பது அங்கேதான் தெரியும். அறையை எப்போது காலிசெய்யப் போகிறார்கள் என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.